காலி நாற்காலிகளின் கணக்கு: ஓக்லண்ட் ஏஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். அங்கிருந்து, ஏஸ் பேஸ்பால் அணி ஆடிய மைதானமான ஓக்லண்ட் கொலிசியத்துக்கு பார்ட் ரயிலில் அரை மணி நேரம் பிடிக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள், ஆபீஸ் நண்பர்கள், கோடை விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று யாராவது ஒருவர் என் பச்சைத் தொப்பியைப் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். "அந்தத் தோக்கிற டீம்தானே?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன.

"ஏஸ்"னா யாரு? எனக்கு பேஸ்பாலே தெரியாது, முதல்ல அதைச் சொல்லுங்க.

அத்லெட்டிக்ஸ் என்பதன் செல்லப் பெயர் ஏஸ். 1901இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அணி. 1955இல் கேன்சஸ் சிட்டிக்குக் குடிபோனது, 1968இல் ஓக்லண்டுக்கு வந்தது. 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று வருஷமும், பிறகு 1989இலும் உலகத் தொடரை (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பாலான மேஜர் லீக்கின் இறுதிப் போட்டி) ஜெயித்தது. 57 சீசன் ஓக்லண்டில் ஆடிவிட்டு, 2024 செப்டம்பரில் மறுபடியும் மூட்டை கட்டியது. இப்போது சேக்ரமென்டோ பக்கத்தில் தற்காலிகமாக ஆடுகிறது. 2028இல் லாஸ் வேகஸ் போவதாகத் திட்டம்.

ஆட்டத்தின் விதிகளை இங்கே சொல்லப் போவதில்லை. பந்து வீசுகிறவர் பிட்சர், அடிக்கிறவர் பேட்டர், ஒன்பது இன்னிங்ஸ், டிரா கிடையாது. இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு போதும்.

வருஷத்துக்கு 162 ஆட்டமாமே? அதுல 50 ஜெயிச்சிருக்காங்களே, அது அவ்வளவு கேவலமா?

ஆமாம், அவ்வளவு கேவலம்தான். பேஸ்பால்காரர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. எவ்வளவு மோசமான அணியும் 54 ஆட்டம் ஜெயிக்கும், எவ்வளவு நல்ல அணியும் 54 ஆட்டம் தோற்கும், மிச்சமுள்ள 54இல் என்ன செய்கிறாய் என்பதுதான் சீசன் என்பார்கள். 2023இல் ஏஸ் ஜெயித்தது 50, தோற்றது 112. சும்மா கிடைக்க வேண்டிய அந்த 54கூடக் கிடைக்கவில்லை.

நூறு தோல்வி என்பது இந்த ஆட்டத்தில் ஒரு கோடு. அதைத் தாண்டினால் அவமானம். ஏஸ் 2022இலும் தாண்டியது (60 வெற்றி, 102 தோல்வி), 2023இலும் தாண்டியது. 2023 ஜூன் முதல் வாரத்தில் 12 வெற்றி, 50 தோல்வி என்று நின்றார்கள். ஆபீசில் கேன்டீன் வரிசையில் நின்றபோது ஒருவர் என் தொப்பியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதுதான் அந்த வருஷத்தின் நிலவரம்.

பிராட் பிட் படத்துல வர்ற டீம்தானே இது? கம்மி காசுல ஜெயிக்கிறவங்கன்னு காட்டினாங்களே, அப்புறம் எப்படித் தோத்தாங்க?

'மணிபால்' படத்தைச் சொல்கிறார்கள், அதே அணிதான். 2002இல் சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு 103 ஆட்டம் ஜெயித்தார்கள். அதே வருஷம் நியூயார்க் யாங்கீஸ் 12 கோடிக்கு மேல் செலவழித்து அதே 103தான் ஜெயித்தது. தொடர்ந்து 20 வெற்றி. அந்த இருபதாவது ஆட்டத்துக்குக் கொலிசியத்தில் 55 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆட்டக்காரர்களை எடுக்கும் பொது மேலாளர் பில்லி பீன் செய்த வித்தை, மற்றவர்கள் விலை குறைத்து மதிப்பிட்ட ஆட்டக்காரர்களைப் புள்ளிவிவரம் பார்த்துப் பொறுக்கியது. அது ரகசியமாக இருக்கும்வரை பலித்தது. சில வருஷத்திலேயே எல்லா அணிகளும் கணிதம் படித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. பணமும் இருந்து புத்தியும் இருக்கிறவனோடு, புத்தி மட்டும் உள்ளவன் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? ஆனாலும் பீன் கூட்டம் 2018, 2019 இரண்டு வருஷமும் 97 ஆட்டம் ஜெயித்தது, 2020இல் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆக, 2022க்குப் பிந்தைய தோல்விக்கு அந்த வித்தை காலாவதியானது காரணம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த பதிலைப் பாருங்கள்.

நல்லா ஆடினவங்களை எல்லாம் ஏன் வித்தாங்க?

2021இல் 86 ஆட்டம் ஜெயித்த அணி அது. சீசன் முடிந்ததும், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பாப் மெல்வின் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். 2022 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் பிட்சர் கிறிஸ் பாசிட் நியூயார்க் மெட்ஸுக்கு, மேட் ஓல்சன் அட்லான்டாவுக்கு, மேட் சாப்மன் டொரான்டோவுக்கு. ஏப்ரலில் ஷான் மனாயா, ஆகஸ்டில் ஃபிராங்கி மோன்டாஸ், டிசம்பரில் ஷான் மர்ஃபி. மார்கஸ் செமியனை அதற்கு முன்பே விட்டிருந்தார்கள். சம்பளம் உயரும் வயதுக்கு வந்தவர்கள் எல்லோரையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். "ரீபில்டிங்" என்று இதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு.

சின்ன அணிகள் எல்லாம் இதைச் செய்வதுதான், இவர்களே முன்பும் பலமுறை செய்ததுதான். ஆனால் இந்த முறை ஆட்களைக் கொடுத்த அதே நேரத்தில் பலருக்கு சீசன் டிக்கெட் விலையை ஏறத்தாழ இரண்டு மடங்காக ஏற்றினார்கள். சாம்பாரில் இருந்த காயை எல்லாம் எடுத்துவிட்டு விலையைக் கூட்டிய ஓட்டலுக்கு யார் போவார்கள்? ஓல்சன் அடுத்த வருஷம் அட்லான்டாவுக்காக 54 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்தார். சாப்மன் சுற்றிவிட்டு 2024இல் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் வந்து சேர்ந்தார். பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்.

சரி, உண்மையிலேயே எத்தனை பேர்தான் வந்தாங்க?

2019இல் ஒரு சீசனுக்கு 16 லட்சத்து 62 ஆயிரம் பேர். 2020இல் கொரோனாவால் பார்வையாளரே இல்லை. 2021இல் கட்டுப்பாடுகளோடு 7 லட்சம். 2022இல் கட்டுப்பாடு எதுவும் இல்லாமலே 7 லட்சத்து 88 ஆயிரம். 2023இல் 8 லட்சத்து 32 ஆயிரம். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 10 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மேஜர் லீக் முழுவதன் சராசரி 29 ஆயிரம்.

சராசரியைவிட வாரநாள் இரவுகள்தான் வேதனை. 2022 மே 2 அன்று டாம்பா பே ரேஸுடன் ஆடியபோது 2,488 பேர். 2023 மே 15 அன்று அரிசோனாவுடன் 2,064 பேர். கீழே பிட்சர் பந்தை விட்டதும் கேட்சரின் கையுறையில் 'தப்' என்று விழும் சத்தம் மேல்தட்டு வரைக்கும் கேட்கும். பியர் விற்கிறவர் ஒரு கூவல் கூவினால் எதிர்ப்பக்கத்து கான்கிரீட்டில் பட்டுத் திரும்பி வரும். வலது மூலையில் டிரம் அடிக்கும் பத்துப் பதினைந்து பேர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

டிவில எண்ணிப் பார்த்தா ஆயிரம்கூட தேறாது. 2,064னு எங்கிருந்து வந்துச்சு?

நல்ல கேள்வி. அறிவிக்கப்படும் எண் விற்ற டிக்கெட்டின் எண், வாசலைத் தாண்டி உள்ளே வந்த தலைகளின் எண் கிடையாது. சீசன் டிக்கெட் வாங்கியவர் அன்று வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் கணக்கில் வந்துவிடுவார். எல்லா அணிகளும் இப்படித்தான் சொல்கின்றன, ஏஸ் மட்டும் செய்த தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். அதனால் மேலே சொன்ன எண்களை எல்லாம் உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மோசமா முன்னாடி எப்பவாவது ஆயிருக்கா?

ஆகியிருக்கிறது, அதுவும் இதே ஊரில், இதே மைதானத்தில். 1979 ஏப்ரல் 17, சியாட்டிலுடன் ஆட்டம். அறிவித்த கூட்டம் 653 பேர். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம்கூட இல்லை. அந்த வருஷம் முழுவதற்கும் 3 லட்சத்து 6 ஆயிரத்து 763 பேர். அணி 108 ஆட்டம் தோற்றது.

அப்போது முதலாளி சார்லி ஃபின்லி. எழுபதுகளில் மூன்று கோப்பை வாங்கித் தந்தவரும் அவர்தான், அந்த அணியைப் பிரித்தவரும் அவர்தான். ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும் சுதந்திரம் 1976 வாக்கில் வந்தது. அவர்களுக்குச் சந்தை விலை கொடுக்க ஃபின்லிக்கு மனசில்லை. போவதற்குள் காசாக்கலாம் என்று வைடா ப்ளூ உட்பட மூன்று பேரை ரொக்கத்துக்கு விற்றார், லீக்கின் தலைவரான கமிஷனர் தலையிட்டு அதை ரத்து செய்தார். 1978 சீசன் தொடங்கியபோது ஆட்டங்களை ஒலிபரப்பப் பெரிய வானொலி எதுவும் கிடைக்காமல், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் 10 வாட் நிலையத்தில் போட்டார்கள். வர்ணனை செய்த மாணவர்களில் ஒருவர் லாரி பேர். பின்னாளில் அவர்தான் எதிர்க்கரை ஜயன்ட்ஸின் தலைவர் ஆனார்! இன்னொன்று: அப்போது ஃபின்லிக்கு எடுபிடியாகவும் மட்டை எடுத்துக் கொடுக்கிற பையனாகவும் இருந்த ஸ்டான்லி பர்ரெல்லைத்தான் உலகம் பிறகு எம்.சி. ஹேமர் என்ற ராப் பாடகராகப் பார்த்தது.

ஜெயிச்சா கூட்டம் தானா வரும். இதுல யோசிக்க என்ன இருக்கு?

பாதி உண்மை. 653 பேர் வந்த அணியை 1980இல் லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனியின் வால்டர் ஹாஸ் குடும்பம் வாங்கியது. பில்லி மார்ட்டின் மேனேஜராக வந்தார், ரிக்கி ஹென்டர்சன் பேஸ் திருடினார், அதாவது பிட்சர் பந்து வீசும் நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடித்தார் (1982இல் மட்டும் 130, இன்றுவரை அசையாத நவீன காலச் சாதனை). 1982இல் 17 லட்சம் பேர் வந்தார்கள். அந்த வருஷம் அணி 94 ஆட்டம் தோற்றது, அதையும் கவனியுங்கள். 1988 முதல் 1990 வரை தொடர்ந்து மூன்று முறை உலகத் தொடருக்குப் போனபோது, 1990இல் வந்தவர்கள் 29 லட்சம். பதினோரு வருஷத்தில் மூன்று லட்சம் இருபத்தொன்பது லட்சமாகியது. ஊர் அதே ஊர்தான்.

மீதிப் பாதி என்னவென்றால், 97 ஆட்டம் ஜெயித்த 2018, 2019இலும் ஏஸின் கூட்டம் லீக் சராசரிக்குக் கீழேதான் இருந்தது. வெற்றி மட்டும் போதாது. அடுத்த வருஷமும் இதே முகங்கள் இருக்கும், அணி இங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். குழந்தைக்கு ஓல்சன் பெயர் போட்ட சட்டை வாங்கித் தந்துவிட்டு, அடுத்த மார்ச்சில் அவர் ஏன் வேறு சட்டையில் இருக்கிறார் என்று விளக்கிப் பாருங்கள். என் மகளுக்கு நான் விளக்கினேன். அதன் பிறகு அவள் எந்த ஆட்டக்காரர் பெயரும் வேண்டாம், வெறும் யானைப் படம் போட்டதே போதும் என்றாள். யானை, ஏஸின் சின்னம்.

நான் ஒரு தடவை கொலிசியம் போயிருக்கேன், நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாரும் ஏன் திட்டறாங்க?

பார்ட் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தில், பேக்கன் சுற்றிய ஹாட் டாக்கும் வெங்காயமும் வதங்கும் வாசனையோடு நடந்து உள்ளே போவது எனக்கும் பிடிக்கும். ஆனால் 1966இல் பேஸ்பாலுக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பொதுவாகக் கட்டிய கான்கிரீட் கிண்ணம் அது. இரண்டுக்கும் முழுசாகப் பொருந்தவில்லை. கோட்டுக்கு வெளியே இருக்கும் காலியிடம் மேஜர் லீக்கிலேயே பெரியது என்பதால் பார்வையாளர்கள் ஆட்டத்திலிருந்து தள்ளியே உட்கார வேண்டும்.

1995இல் ரெய்டர்ஸ் ஃபுட்பால் அணி ஓக்லண்டுக்குத் திரும்பியபோது, அவர்களுக்காக நடுப்பக்கத்தில் ஒரு பிரமாண்டமான அடுக்கு எழுப்பினார்கள். அதுவரை அங்கே உட்கார்ந்தால் ஓக்லண்ட் மலைகள் தெரியும். அதை அந்தச் சுவர் மறைத்தது. ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸ் பெயரால் ஜனங்கள் அதற்கு 'மவுன்ட் டேவிஸ்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். பிறகு பல வருஷம் அந்த இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்தார்கள். 2013 ஜூனில் சாக்கடை எதிர்த்து வந்து உடைமாற்றும் அறையில் புகுந்தது, இரண்டு அணியும் மேலே ரெய்டர்ஸ் அறைக்குப் போய்க் குளித்தார்கள். 2023இல் வெளியூர் வர்ணனையாளர் அறைக்குள் ஒபாஸம் என்ற ஒரு பிராணி குடியேறியது, பெருச்சாளியைப் பூனை அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருக்கிறவர் வீட்டைப் பழுது பார்க்க மாட்டார், வீட்டுக்காரரான நகரமும் மாவட்டமும் கிளம்பப்போகிற குடித்தனக்காரருக்காகச் செலவு செய்யாது. இருபது வருஷம் இப்படியே ஓடியது.

கூட்டமே இல்லன்னா ஓனருக்குத்தானே நஷ்டம்? அவர் ஏன் பதறல?

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். முதலாளி ஜான் ஃபிஷர், கேப் துணிக்கடையை ஆரம்பித்த குடும்பம். (ஹாஸ் லீவைஸ், ஃபிஷர் கேப். கேப் முதல் கடை திறந்தபோது விற்றதே லீவைஸ் ஜீன்ஸைத்தான். ஒரே துணி, இரண்டு மனசு.) 2005இல் லூ வுல்ஃப் என்பவரோடு சேர்ந்து ஏறத்தாழ 18 கோடி டாலருக்கு அணியை வாங்கினார். 2023க்குள் அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆட்டம் தோற்றாலும் நிலம் மாதிரி விலை ஏறிக்கொண்டே இருந்தது.

வருமானமும் வாசலை மட்டும் நம்பி இல்லை. தேசிய டிவி ஒப்பந்தப் பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அது போக ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட வேண்டும், அதையும் சமமாகப் பங்கிடுவார்கள். குறைவாகச் சம்பாதிப்பவர் போட்டதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறார். ஏஸுக்கு இந்தப் பங்கு சில வருஷம் நிறுத்தப்பட்டிருந்தது, 2022 ஒப்பந்தத்தில் திரும்பக் கிடைத்தது. ஆட்களை விற்றது எந்த வருஷம் என்று மேலே பார்த்தீர்கள் அல்லவா?

ஃபுட்பால்ல மாதிரி தோத்த டீமைக் கீழ் லீக்குக்கு இறக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். மேஜர் லீக்கில் 30 இடம், 30 முதலாளிகள், இறங்குவது கிடையாது. தோற்றால் அடுத்த வருஷம் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முன்னால் வரலாம் என்ற லாபம் வேறு. அதைக் குறைக்கத்தான் 2023 முதல் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்தார்கள். தேவலை, அவ்வளவுதான்.

அந்தப் பச்சை டி-ஷர்ட் கலாட்டா என்ன? ஏதோ தலைகீழ் பாய்காட்டாமே?

2023 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டதாக அணி அறிவித்தது. ரசிகர்கள் ஏற்கெனவே வராமல் இருந்தார்கள், இனி எதைப் புறக்கணிப்பது? அப்போதுதான் ஒரு ரசிகர் தலைகீழாக யோசித்தார். ஒரே ஒரு நாள் எல்லோரும் போவோம், கூட்டம் வராததற்கு ஊர் காரணமில்லை என்று காட்டுவோம். நாள் 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. எதிரணி அப்போது லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த டாம்பா பே ரேஸ். வண்டி நிறுத்துமிடத்தில் ரசிகர் குழுக்கள் தாங்களே காசு திரட்டி அச்சடித்த பச்சை டி-ஷர்ட்டை ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு வார்த்தை: 'செல்'. விற்றுவிடு.

27,759 பேர். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது முதல் பேட்டர் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். டிரம்கூட நின்றது. அவர் முடித்ததும் "செல் தி டீம்" என்று கிளம்பிய சத்தம் டிவி வர்ணனையை மூழ்கடித்தது. ஆட்டத்தை ஏஸ் 2க்கு 1 என்று ஜெயித்தது, அது தொடர்ந்து ஏழாவது வெற்றி. அதே 12க்கு 50 அணிதான், நம்புங்கள். அன்றைய டிக்கெட் பணம் 8 லட்சத்து 11 ஆயிரம் டாலரையும் அணி நிர்வாகம் உணவு வங்கிக்கும் பள்ளிக்கல்வி நிதிக்கும் கொடுத்துவிடுவதாகச் சொன்னது.

அதே நாளில் நெவாடா மாநில செனட் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரைக்கும் பொதுப்பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு நாளில் கவர்னர் கையெழுத்தும் விழுந்தது. கமிஷனர் ராப் மான்ஃபிரெட்டிடம் நிருபர்கள் கேட்டபோது, ஒரு இரவுக்கு மேஜர் லீக்கின் சராசரிக்குக் கிட்டத்தட்ட வந்த கூட்டத்தைப் பார்த்தது நல்ல விஷயம் என்ற பொருளில் பேசினார். எண்ணாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இந்தப் பக்கத்தில் ஓக்லண்ட்காரர்கள் இன்றைக்கும் மறக்காத பேச்சு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

27 ஆயிரம் பேர் வர முடியும்னா, தினமும் வந்திருக்கலாமே? ரசிகர்கள் மேலயும் தப்பு இருக்குல்ல?

என் மைத்துனர் கேட்டது. கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 2019 அக்டோபரில் ஒற்றை ஆட்ட பிளேஆஃபுக்கு (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் ஆட்டம்) 54,005 பேர் வந்தார்கள். மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன 2002இன் 55 ஆயிரமும் அதே ரகம். பெரிய நாளுக்கு ஓக்லண்ட் வரும், சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு வராது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் 2000த்தில் தண்ணீர் ஓரமாக அழகான மைதானம் வந்த பிறகு, கம்பெனிகளின் டிக்கெட் பணமும் பேஸ்பாலை மாலைப்பொழுதாக மட்டும் பார்க்கிறவர்களும் அங்கே போய்விட்டார்கள். என் ஆபீசிலும் டீம் அவுட்டிங் என்றால் ஜயன்ட்ஸ் ஆட்டம்தான்.

ஆனால் வருஷத்துக்கு 81 உள்ளூர் ஆட்டம். ஒரு குடும்பம் போய்வர டிக்கெட், பார்க்கிங், தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் சின்னச் செலவில்லை. அதைத் தினமும் செய்ய வைப்பது முதலாளியின் வேலை, ரசிகரின் கடமை கிடையாது. 'ஓக்லண்டில் வேரூன்றியவர்கள்' என்று விளம்பரம் போட்டுக்கொண்டே வேகஸில் நிலம் பார்த்தவர்கள், கூட்டம் வரவில்லை என்று கையை விரிப்பதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ரசிகர்.

வேகஸ் எதுக்கு? பக்கத்துல சான் ஹோசே இருக்கே, அங்க போயிருந்தா நம்ம ஆட்களே நிரப்பியிருப்பாங்களே.

எங்கள் ஃப்ரீமான்ட்டுக்கே வருவதாக இருந்தது! 2006இல் அறிவித்து, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2009இல் கைவிட்டார்கள். அடுத்துப் பார்த்தது சான் ஹோசே. ஆனால் அந்த மாவட்டம் ஜயன்ட்ஸின் எல்லை என்று லீக் ஏட்டில் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜயன்ட்ஸ் அங்கே மைதானம் கட்டப் பார்த்தபோது, சரி போங்கள் என்று விட்டுக்கொடுத்தவரே ஏஸ் முதலாளி ஹாஸ்தான். ஜயன்ட்ஸ் போகவில்லை, எல்லை மட்டும் அவர்களிடமே நின்றுவிட்டது. சான் ஹோசே நகரம் வழக்கு போட்டது. போட்டித் தடுப்புச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு 1922 முதல் விலக்கு இருப்பதால் நிற்கவில்லை, 2015இல் உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்தது. நல்ல மனசுக்குக் கிடைத்த பலன்.

ஓக்லண்ட் நகரம் ஏன் பிடிச்சு வெச்சுக்கல? மூணு டீமும் போயிடுச்சே.

2019இல் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு, 2020இல் ரெய்டர்ஸ் வேகஸுக்கு. மூன்றாவதைக் காப்பாற்றத் துறைமுகத்தில் ஹோவர்ட் டெர்மினல் என்ற இடத்தில் மைதானம், வீடுகள், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 1,200 கோடி டாலர் திட்டம் பேசினார்கள். மைதானத்தைத் தன் காசில் கட்டுவதாக அணி சொன்னது, சாலை, பாலம் போன்ற வசதிகளுக்கு நகரம் பணம் புரட்ட வேண்டும். பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. 2021 மே மாதமே வேறு ஊர் பார்க்கலாம் என்று லீக் அனுமதி கொடுத்துவிட்டது. ஒரு கையில் பெண் பார்த்துக்கொண்டே இன்னொரு வீட்டில் நிச்சயதார்த்தம் பேசுவது போல.

நகரத்தின் மீது தவறில்லை என்று சொல்ல மாட்டேன், மெதுவாகத்தான் நகர்ந்தார்கள். ரெய்டர்ஸுக்காக மவுன்ட் டேவிஸ் கட்டிய கடனைப் பல வருஷம் அடைத்துக்கொண்டிருந்த ஊர் பயந்ததில் நியாயமும் இருக்கிறது. 2023 நவம்பர் 16 அன்று 30 முதலாளிகளும் வாக்களித்தார்கள். முப்பதும் ஆமாம், எதிர்த்து ஒன்றுகூட இல்லை.

கடைசி மேட்சுக்குப் போனீங்களா?

போனேன். 2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமைப் பகல். 46,889 பேர். பள்ளிக்கு லீவு போட்ட பிள்ளைகள், ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவர்கள் (நானும்தான்). ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்து போட்டார்கள். மூன்றே மாதத்தில் ரிக்கி இறந்துபோனார் என்பதை இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸை 3க்கு 2 என்று ஜெயித்தோம். எதிரணியில் நம்ம பழைய செமியன்.

ஆட்டம் முடிந்ததும் யாரும் கிளம்பவில்லை. மேனேஜர் மார்க் கோட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, கடைசியாக ஒருமுறை "லெட்ஸ் கோ ஓக்லண்ட்" என்று எல்லோரையும் கத்த வைத்தார். மைதானப் பணியாளர்கள் ஓரத்துக்கு வந்து ரசிகர்களுக்கு மண் அள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டு, காலிக் குப்பியை நீட்டினார்.

இப்போ சேக்ரமென்டோவுல கூட்டம் வருதா?

சட்டர் ஹெல்த் பார்க், கீழ் லீக் அணி ஒன்றின் மைதானம். புல்வெளிச் சரிவையும் சேர்த்தால் சுமார் 14 ஆயிரம் பேர். அணியின் பெயரில் ஊரே இல்லை, வெறும் அத்லெட்டிக்ஸ். 2025இல் சராசரி 10 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. கிளம்பும் வருஷமான 2024இல் ஓக்லண்டில் மொத்தம் 9 லட்சத்து 22 ஆயிரம் பேர் வந்தார்கள், ஆட்டத்துக்குச் சராசரி 11 ஆயிரத்துக்கும் மேல். அதைவிட இது குறைவு.

எரிச்சல் என்னவென்றால், அணி இப்போது நன்றாக ஆடுகிறது. 2025இல் 76 வெற்றி. நிக் கர்ட்ஸ் என்ற புதுப் பையன் ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்து, அந்த வருஷத்தின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருதும் வாங்கினான்.

2024ல சிகாகோ வைட் சாக்ஸ் 121 தோத்தாங்க. அவங்க ஊரை விட்டுப் போகலையே?

41 வெற்றி, 121 தோல்வி. நவீன காலத்தில் யாரும் ஒரு சீசனில் அவ்வளவு தோற்றதில்லை, 1962இன் நியூயார்க் மெட்ஸ்கூட 120தான். சிகாகோவிலும் கூட்டம் மெலிந்தது, "செல் தி டீம்" கோஷம் அங்கேயும் கேட்டது. ஆனால் தோல்வி ஒரு அணியை ஊர் மாற்றாது. இன்னொரு ஊர் காசோடு காத்திருப்பதும், இருக்கிற மைதானத்தில் முதலாளிக்கு ஆர்வம் போவதும் சேர்ந்துதான் மாற்றும். மேலே முதலாளி பற்றிய பதிலை இன்னொருமுறை படித்தால் இதற்கும் விடை அங்கேயே இருக்கும்.

அப்போ இப்ப யாருக்குத்தான் சப்போர்ட் பண்றீங்க? ஜயன்ட்ஸா?

வாயைக் கழுவுங்கள். மேற்கு ஓக்லண்டில் ரெய்மாண்டி பார்க்கில் ஓக்லண்ட் பாலர்ஸ் என்று ஒரு அணி 2024இல் ஆட ஆரம்பித்தது. பயனியர் லீக் என்ற சின்ன லீக், அதன் அணிகள் எந்த மேஜர் லீக் அணிக்கும் கீழ்ப்பட்டவை கிடையாது. ரசிகர்களே சின்னச் சின்னத் தொகை போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். சில ஆயிரம் பேர் உட்காரலாம். கொலிசியத்தில் டிரம் அடித்த முகங்கள் சில இங்கேயும் தெரியும். 2025இல் கோப்பையே வாங்கிவிட்டார்கள், 1989க்குப் பிறகு ஓக்லண்டுக்கு வந்த முதல் பேஸ்பால் கோப்பை.

மகள் ஒரு ஆட்டக்காரர் பெயர் போட்ட சட்டை வேண்டும் என்று அங்கே கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். போகிறவர்கள் சொல்லுங்கள், காரில் இரண்டு இடம் இருக்கிறது.